ஐம்பது ரவை

பெட்டி விலை மறுபடி ஏறிவிட்டது.
முகப்பில் சுஹைலா, தானே ஏற்றியதுபோல்
சங்கடத்துடன் ரசீது நீட்டுகிறாள்.
பாதி எனக்கு, பாதி வெய் ஜியேவுக்கு.

துப்பாக்கி வீட்டுக்கு வராது, சட்டம்.
அதனால் ஈசூனில், வாரநாட்களில்
ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை
நீட்டிப் பிடித்தபடி நிற்பேன்,
மின்விசிறி சுவிட்சைக் குறிவைத்து.
"அது பாவம், விட்டுவிடு" என்பார் பரிதி.

ஞாயிறு, சுவா சூ காங்.
எனக்கு ஜியேதான் நிரப்புவான்:
சிலமுறை நிஜ ரவை, சிலமுறை போலி.
எது என்று சொல்லமாட்டான்.
ஒரு ரவையை மூன்றாக்கும் சிக்கனம்.

விசையை இழுத்தேன். டிக்.
ஒன்றுமே வெடிக்கவில்லை.
ஆனாலும் குழல்முனை குனிந்துவிட்டிருந்தது,
வராத சத்தத்துக்கு.

இந்தக் குனிவை எனக்குத் தெரியும்.
மேலாளர் என் பெயரைச் சொன்னதும்
மீதியைச் சொல்லும் முன்பே
கழுத்தில் வருவது.

ஜியே சிரிக்கவில்லை. மறுபடி நிரப்பினான்.
டிக். டிக்.
பிறகு நிஜம்: எட்டு.
டிக்.

சுட்டது பதினொன்று.
உறைகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.
மீதியை அடுத்த வாரக் கணக்கில்
எழுதிக்கொண்டாள் சுஹைலா.

கையைத் தூக்க முடியவில்லை.
மிச்சம் பிடித்த காசு
டாக்சிக்குச் சரியாக இருந்தது.