அறுபத்தோராவது ஆள்

குரூப் ஃபோர் கைடில் நூற்றுப் பதினான்காம் பக்கம்:
ஒரு கடிகாரம் மணிக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது.
காலை எட்டரைக்குச் சரியாக வைத்தால்
அது இரவு எட்டரை காட்டும்போது
உண்மை நேரம் என்ன?

கைமடி வேலைக்கு இடையே
கார்ட்டன் அட்டையின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்பது ஓடினால் அறுபது கழிந்திருக்கும்.
எழுநூற்று இருபது ஓடினால்?
எட்டு நாற்பத்திரண்டு,
சொச்சம் பன்னிரண்டு விநாடி.

பேனாவை மூடப் போனவள் தலை நிமிர்ந்தேன்.

செல்போனை கேட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள்.
எங்களுக்குச் சுவரில் இருப்பதுதான் நேரம்,
அதைப் பார்த்துத்தான் மணி அடிப்பதும்.
வாட்ச்மேன் ராக்கியண்ணன் தினம் காலையில்
ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருத்துவார்.
ஏன் தினமும் திருத்த வேண்டியிருக்கிறது?
ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான்.

எட்டு நாற்பது சேவூர் பஸ்
நான் ஓடி வருவதற்குள் போய்விடுவது
கண்டக்டரின் குணம் என்றிருந்தேன்.
இரண்டு வருடமாக அவரைத் திட்டியிருக்கிறேன்.

அட்டையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்
(விநாடிகளை முதலாளிக்கே தள்ளுபடி செய்தேன்).
டைலர், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங்,
எல்லாம் சேர்த்து அறுபது பேர்.
பெருக்கினால் எழுநூற்று இருபது.
முழுசாகப் பன்னிரண்டு மணி நேரம்.

அப்படியானால் இங்கே
அறுபத்தோராவதாய் ஒருத்தி வேலை செய்கிறாள்.
டீ குடிப்பதில்லை.
சனிக்கிழமைக் கவரில் அவள் பெயர் இல்லை.
மூலையில் ஊசி கழற்றிக் கிடக்கும் ஓவர்லாக்கில்
என் விரல்களை வைத்துத் தைக்கிறாள்.
அவளுக்கு வலிப்பது
துளசிமணியக்காவின் இடுப்பு.

சூப்பர்வைசரிடம் அட்டையைக் காட்டினேன்.
"ஏனுங்க அம்மிணி,
பரீட்சை உங்களுக்குங்களா, எங்களுக்குங்களா?"

மறுநாள் டிபன் டப்பாவில்
தயிர்சோற்றின் மேல் கவரில் சுற்றி
ஒரு பென்சில் செல் உள்ளே போயிற்று.
ராக்கியண்ணன் ஒன்றும் கேட்காமல் மாட்டினார்.
இறங்கும்போது மட்டும்
"அப்ப நாளைக்கு நான் ஏற வேண்டாமுங்களா?" என்றார்.

அன்று எட்டரை மணி
எட்டரைக்கே அடித்தது.

எட்டு முப்பத்தெட்டுக்கு ஸ்டாப்பில் நிற்கிறேன்.
பஸ் இல்லை.
எட்டு நாற்பது:
முட்களுக்கு நடுவே இருபது பாகை.
எட்டு ஐம்பத்திரண்டு: நாற்பத்தாறு பாகை,
தூரத்தில் ஒற்றை ஹெட்லைட்.

"இன்னைக்கு நேரத்துலயே வந்துட்டீங்களாட்ட இருக்குது"
என்று டிக்கெட்டைக் கிழித்தார் கண்டக்டர்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
பக்கத்து சீட் காலி.
யாருக்கென்று தெரிந்ததால்
பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.