எட்டரைக்கும் மேல்

ஏழரை என்றால் ஊரே நடுங்கும்.
எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் அது
நடுத்தரக் கைக்கான உறை அளவு.
நர்சுகள் ஆறு கேட்பார்கள், ஆறரை கேட்பார்கள்,
எலும்பு டாக்டர்கள் எட்டு.
எட்டரைப் பெட்டிகள் இரண்டு
மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும்.
அதிலிருந்து ஒரு உறை கொண்டுவந்து
உன் வலக்கையில் ஏற்றிப் பார்த்தேன் ஒருமுறை.
கட்டைவிரல் மேட்டில் பிளந்தது.
நீ சிரித்தாய், வீடெல்லாம் பீடி நாறியது.

மாசியில் எடுத்த எக்ஸ்ரேக்குப் பிறகு
ஒரே நாளில் விட்டாய்.
வாய் மறந்துவிட்டது.
கைதான் இன்னும் தேடுகிறது.
கோணவட்டத்தில் முப்பது வருஷம்
லாரியின் வில்பட்டைகளைச் சம்மட்டியால் வழிக்குக் கொண்டுவந்த கை
இப்போது சாயங்காலமானால்
சட்டைப் பொத்தானைத் திருகுகிறது,
ரிமோட்டின் முதுகைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறது.
போன வாரத்தோடு ஆறு கண்ணாடி டம்ளர்.
தூக்கத்தில்கூட இரண்டு விரல் ஒட்டியபடி
இல்லாத ஒன்றை
என்னிடம் நீட்டுகிறது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரி
பால் பூத்தில் கொடுத்த சின்னக் காலண்டரில்
முடிந்துபோன ஏப்ரலைக் கிழித்துக் கவிழ்த்து
குறட்டைக்கு இடையில் உன் கையை வரைந்தேன்.
தாள் போதவில்லை.
சுண்டுவிரலுக்காக
இன்னொரு மாதம் கிழித்தேன்.

லாங் பஜாரில்
குடை தைப்பவரை அடுத்து இலாஹி பாய் கடை.
தார் உருகுகிற மதியம்.
பைப் என்றதும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்தார்.
"வீட்டுக்காரருக்கா?"
கைக்கு, என்றேன்.

முதலாவது மெலிசு,
புல்லாங்குழலுக்குப் பிறந்த குறைமாசக் குழந்தை.
சிங்கமுகம் செதுக்கிய ஒன்று.
அதைப் பிடித்து உட்கார்ந்தால்
நீ பள்ளிக்கூட நாடகத்து ஜமீன்தார்.
வெள்ளையாய் ஒன்று, எடையே இல்லை,
ஊதினால் பறந்துவிடும்.
கழுத்து வளைந்தது ஒன்று, அதன்மேல் ஆசையாகத்தான் இருந்தது;
தாள் கைமேல் வைத்தால்
ஆட்காட்டி விரலின் இரண்டாம் கணுவோடு
முடிந்துபோயிற்று.

கடைசியில் உருண்டு வந்தான் தடியன்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி ஒன்றை
முள்ளெல்லாம் சீவிப் பழுக்கக் காய்ச்சியது போல் கிண்ணம்.
காம்பும் அப்படித்தான், தடிப்பாக, கூச்சமில்லாமல்.
கேட்காமலே பாய் தராசில் வைத்தார்.
நூற்றைம்பதுக்கு ஒரு மயிரிழை குறைவு.
ஊதுமுனையில் இரண்டு பல்தடம்.
யாரோ, எப்போதோ,
சொல்ல வந்ததைச் சொல்லாமல்
கடித்தே அடக்கியிருக்கிறான்.

"இதுக்கு ஏத்த புகையிலை இங்க கிடைக்காதும்மா."
வேண்டாம், என்றேன்.
அவர் ஏன் என்று கேட்கவில்லை.
எண்ணூறு சொன்னவர் ஐந்நூறுக்கு இறங்கினார்.
பிறகுதான் தாளைத் திருப்பி
மோதிரவிரல் பாதியில் நிற்பதைப் பார்த்தார்.

"துலுக்காணம் மேஸ்திரி கை இல்ல?
இந்தக் கையால நான் அறை வாங்கியிருக்கேன்மா,
பழைய பஸ் ஸ்டாண்டுல, எம்பத்தொம்பதுல."
தாடையைத் தடவிக்கொண்டார்.
ஐம்பது ரூபாய்
கூட்டினார்.

கொடுத்தேன். பேசவில்லை.
நுகர்ந்து பார்த்தாய், பிறகு திருப்பி
அடியில் விரலால் தட்டினாய்,
பட்டையில் விரிசல் கேட்பவன் மாதிரி.
உள்ளங்கை அதைச் சுற்றி மூடியது.
மூடியபோது பாதிக்கு மேல் தெரிந்தது.
உன் கையில் எதுவும் அப்படித் தெரிந்ததில்லை,
என் கையைத் தவிர.
கட்டைவிரல் கிண்ணத்துக்குள் இறங்கி
அடைப்பு மாதிரி நின்றுகொண்டது.

ஏழாவது டம்ளர் இன்னும் இருக்கிறது.

ராத்திரி விளக்கணைத்த பிறகு
அறையைப் பற்றிச் சொன்னேன்.
வெகுநேரம் சத்தமில்லை.
"இலாஹியா?
அவனுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு"
என்றாய் இருட்டில்.
அறையா, ரூபாயா,
நான் கேட்கவில்லை.