கலைச்சொல் பட்டியல், வரிசை எண் 214

ராயப்பேட்டை அச்சகத்தின் மாடியறை.
முதுகலை இரண்டாம் பருவம், அமெரிக்க அரசியல் சிந்தனை.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.

பழமைவாதம் வரை சிக்கலில்லை.
அதன் தலையில் ஒரு ‘நவ’ ஒட்ட வேண்டும்.
ஒட்டிவிட்டுத் திரும்பப் படித்தால்
புதுப் பழசு.
பர்மா பஜாரில் கிடைக்கும்
பெட்டி பிரிக்காத செகண்ட் ஹாண்ட்.

ஓரத்தில் பென்சிலால்
பிழைதிருத்துபவர் ஜெபமணி கேட்டிருக்கிறார்:
இங்கே வலி மிகுமா?
விதிப்படி மிகாது என்று எழுதி அனுப்பினேன்.

மூலநூல் சுற்றி வளைத்துச் சொல்வது இதுதான்:
இவர்கள் அந்த வீட்டில் பிறந்தவர்களில்லை.
இடதுபக்கத் தெருவில்
கேண்டீன் மேசையில் புரட்சி பேசிப் பேசி
ஒருநாள் சலித்து
தட்டுமுட்டுச் சாமானோடு வந்து இறங்கியவர்கள்.
சந்தை, தேவாலயம், சின்ன அரசாங்கம் என்று
போர்ஷனுக்கு ஒருவர் ஏற்கெனவே இருந்தார்கள்.
அவர்களில் மூத்த குடித்தனக்காரர்களுக்கு
ஊர் வம்பு வேண்டாம், வேலி போதும்.
வந்தவர்களோ மொட்டைமாடி ஏறி
உலகத்தில் எந்த வீட்டில் விளக்கில்லை என்று பார்த்தார்கள்.
ஏற்றிவைப்பது நம் கடமை என்றார்கள்.
அட்வான்ஸ்கூடக் கொடுக்காதவன்
வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறான் என்று
கீழே முணுமுணுப்பு
இன்னும் ஓயவில்லை.

2003 மார்ச்.
அண்ணா சாலை, அமெரிக்கத் துணைத் தூதரகம்,
தடுப்புக்கட்டைக்கு இந்தப் பக்கம்
என் தோளுரசிக் கோஷம் போட்ட வழுதி
அடுத்த மாதம், சிலை விழுந்த இரவு, போனில் கேட்டான்:
“கொடுங்கோலன்தானே விழுந்தான்?
அதுக்குக்கூட சந்தோஷப்படக் கூடாதா?”
பதில் சொல்லவில்லை.
கொடுங்கோலன்தான்.
அந்தக் கேள்வியை அடித்துவிட
இன்றைக்கும் என் சிவப்புப் பேனா போதவில்லை.

கீழே பைண்டிங்கில்
பாரம் மடிக்கிறார் காஜா மொய்தீன்.
குவைத்தில் லாரி ஓட்டிய அவர் மச்சான்
பாஸ்ரா வரை சரக்கேற்றிப் போனார்.
திரும்பி வந்தது பாஸ்போர்ட்.
“இவ்ளோ பெரிய புஸ்தகம்,
அந்த ரோடு இதுல இருக்கா மேடம்?”
பெயர்ச்சுட்டியில் ‘பா’ வரிசையைத் தேடினேன்.
பாஸ்டன் இருந்தது.
அடுத்தது பிலடெல்பியா.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில்
இருநூற்றுப் பதினான்காம் வரிக்குத் திரும்பினேன்.
ஜெபமணி சார்,
விதி தெரியும். இருந்தாலும்
ஒரு ‘ப்’ சேர்த்திருக்கிறேன்,
நவப்பழமைவாதம்.
மிகும்.