இணையில்லா வினைகள்

கார்க்கோவ் என்றோம் அப்போது.
நீரியல் வகுப்புக்கு முன்னால் ஒரு வருடம் மொழி.
வினைகளைச் சோடி சோடியாக எழுத வேண்டும்:
எழுதிக்கொண்டிருந்தால் பிசாத்,
எழுதி முடித்தால் நபிசாத்.
சில சொற்களுக்கு எதிரே வெறும் கோடு.
அச்சுப் பிழை என்று நினைத்து
பேனையால் நிரப்பப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கிளிநொச்சி. இரணைமடுத் தண்ணீர்ப் பதிவேடு,
ஒரு கால் ஆடும் மேசை.
சிறுபோகத்துக்கு முன் செபமலர் வருகிறா.
காணி அந்தோனிப்பிள்ளை றெஜினோல்ட் பேரில்,
இரண்டே கால் ஏக்கர்.
உரிமையாளர் கையொப்பம்?
"அவரைத் தேடுறன்."
போன வருடமும் இதுதான்,
அதற்கு முதல் வருடமும்.

புதிதாக வந்த எழுதுவினைஞன்
கெட்ட பெடியன் இல்லை,
அவனுக்குப் பெட்டியில் சரி போட வேண்டும்.
"எல்லா இடமும் தேடிப்போட்டியளோ அன்ரி?"

"போடுறதுக்கு அதென்ன தம்பி, நெல்லு மூட்டையோ?"

அவன் சிரித்தான். அவவும்தான் சிரித்தா.
எனக்கு மட்டும் அந்தப் பழைய கொப்பி விரிந்தது.
இஸ்காத்: தேடு. எதிரே கோடு.
கண்டுபிடிப்பது வேறு வினை,
தேடுதலுக்குச் சோடியில்லை அது;
பக்கத்து வளவு,
இடையில் முள்ளுக்கம்பி.

மறுபக்கம் கோடு விழுந்ததும் ஒன்றுண்டு,
உத்சிலேத்: தப்பிப் பிழை.
அதற்கு முடிந்த வடிவம் மட்டும்தான்.
ஒருவர் பிழைத்தார், அவ்வளவு.
பிழைத்துக்கொண்டே இருக்க
அந்த மொழியில் இடமில்லை.
மாத்தளனில் இருந்து வெளியே வந்து
பத்துப் பதினைந்து வருடம் கழித்தும்
நாங்கள் செய்வதை அதில் சொல்லேலாது.

விடுதியில் என்னோடு இருந்த அந்திரேய்
போன மாசி எழுதினான்.
கார்க்கிவ் என்றுதான் இப்போது எழுதுகிறான்.
நாங்கள் படுத்த நான்காம் மாடிக்குக் கூரையில்லையாம்.
'நீ எப்படி?' என்று கேட்டேன்.
வினையே போடாமல்
ஒரு வரி அனுப்பினான்:
'இன்றைக்கு, இங்கே.'

பதிவேட்டை என் பக்கம் திருப்பி
கையொப்பம் என்ற இடத்தில் கோடு இழுத்தேன்.
மேசை ஆடியதில் அது கொஞ்சம் கோணல்.
வெள்ளி விடிய துருசு திறக்கும்,
மூன்றாம் வாய்க்கால், ஆறு மணித்தியாலம்.

"கடைசி வயல் மட்டும் வருமோ?"
வரம்பை ஒருக்கால் பாத்துக் கட்டுங்கோ என்றேன்.
அவ குடையை எடுத்துக்கொண்டு
அடுத்த கந்தோருக்குப் போனா.