எண்பது ஆம்பியர்

உச்சிப்புளி வேகத்தடையை
நான்தான் போடவைத்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு.
அதிலிருந்து நூறடி தள்ளி என் கடை.

விடிகாலை மூன்றரைக்கு
விளக்கில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்
ஸ்தேவானும் கிளீனர் பையனும்.
உள்ளே பதினெட்டுப் பெட்டி நண்டு,
கால் கட்டியவை, உயிரோடு.
கதவிடுக்கில் ஐஸ் தண்ணீர் சொட்டிற்று.

"பியூஸ் மட்டும் போட்டுவிடுக்கா.
கம்பெனி லாரி அஞ்சரைக்குக் கிளம்பிரும்."

பேட்டரி மேல் மூடியைத் திறந்தேன்.
போல்ட் போட்டு இறுக்குகிற பெரிய பியூஸ்.
எண்பது என்று எழுதிய சின்ன ஜன்னல்
உள்ளே கரி.
உருகித் தெறித்த ஒரு துளி
வெந்த மீனின் கண் மாதிரி.

"இது எத்தனாவது?"
"மூணு. ஞாயிறு ஒண்ணு, செவ்வா ஒண்ணு."
"எங்க வச்சுப் போச்சு?"
தலையைச் சொறிந்தான்.
"இங்கதான்க்கா. இதே மேடு."
"காலி வண்டியா திரும்பையில?"
"ஒண்ணும் ஆகல."

மூன்று பேர் ஒரே இடத்தில் செத்தால்
செத்தவனையா விசாரிப்பது?

சீட்டைத் தூக்கினேன். அடேயப்பா.
பாட்டுப் பெட்டிக்கு ஆம்ப்ளிஃபயர்,
நாலு ஹாலஜன், காற்று ஹாரன்,
சந்தியாகப்பர் படத்தைச் சுற்றி நீலச் சரவிளக்கு,
ஐஸ் பெட்டிக் காற்றாடி
எல்லாம் ஒரே முனையில்,
ஒரு குழாயில் இருபது குடம்.
முறுக்கிய இடத்தில் இன்சுலேஷன் டேப்புக்குப் பதில்
மருந்துக்கடை பிளாஸ்திரி.

"செம்புக் கம்பி சுத்தி விடுங்கக்கா,
ராமநாதபுரம் வரைக்கும்தான்."

ஒரு தடவை சுற்றிவிட்டிருக்கிறேன்.
யாருக்கென்று சொல்லமாட்டேன்.
தேவிபட்டினம் சாலையோரம்
அந்த வண்டியின் எலும்புக்கூடு
ஐப்பசி மழை முழுக்க நனைந்தது.
ஆள் குதித்துவிட்டான்.
அவன் தந்த நூற்றைம்பது ரூபாயை
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஸ்தேவானிடம் இதைச் சொல்லவில்லை.
காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.
காலருக்குக் கீழே இருப்பது கண்ணி கண்ணியாய் ஒரு தழும்பு.
கடை திறந்த வருஷம், குனிந்த வேகத்தில்
ஒன்றரைப் பவுன் சங்கிலி
பிளஸ் முனைக்கும் தகரத்துக்கும் பாலம் போட்டது.
மெலிந்த கண்ணி ஒன்று உருகி அறுந்ததால்
நான் மிச்சம்.
ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி:
"முழுசும் போச்சா, பாதியாவது தேறுமா?"

எல்லா சுவிட்சையும் அணைத்தேன்.
பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைக் கட்டினேன்.
அணைந்தே இருந்தது.
"ஏறிக் குதிடா" என்றேன் பையனை.
நண்டுப் பெட்டி மேலா? முழித்தான்.
"குதி."
குதித்தான். பல்பு பளிச்சென்றது.
இன்னொரு தடவை.
பளிச்.

பாரம் ஏறினால் பெட்டி அரை விரல் தாழ்கிறது.
தாழ்ந்தால் காற்றாடி ஒயர்
தகரத் துளையின் விளிம்பில் உட்காருகிறது.
துளைக்கு ரப்பர் இல்லை.
உப்புத் தண்ணீர் நக்கிய செம்பு
பச்சையாய்ப் பூத்துக் கிடந்தது.
அதை வெட்டி எறிந்தேன்.
புது ஒயர், சைக்கிள் டியூப் துண்டு,
காற்றாடிக்குத் தனியாய் ஒரு முப்பது.
மற்ற எல்லா முடிச்சையும் அறுத்து விட்டேன்.

"பாட்டுமா? தூங்கிருவேன்க்கா."
"கிளீனர்கிட்டப் பேசிக்கிட்டுப் போ."
"அவன் பேசமாட்டான்."
"அப்ப நண்டுகிட்டப் பேசு."

புது எண்பதை இறுக்கினேன்.
போய் மேட்டில் ஒருமுறை ஏற்றி இறக்கி வா என்றேன்.
நாலு நாற்பது. முனகிக்கொண்டே திருப்பினான்.
வேகத்தடையில் பின்சக்கரம் தொப்பென்று இறங்கியது.

ஹெட்லைட் நின்று எரிந்தது.

கூலி நாளைக்கு என்று கத்திக்கொண்டே
கடையைத் தாண்டிப் போனான்.
கண்ணாடிக்குப் பின்னால்
சந்தியாகப்பர் குதிரை மேல்
இருட்டிலேயே போனார்.