அரைப்பேர்

டிக்கோயாவில் வியாழக்கிழமை கிளினிக்.
ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது, பிறகு இல்லை,
பிறகு பாதி இருந்தது.

புவனலெட்சுமியின் கொப்பியில்
எனக்கு முன்னால் மூன்று கையெழுத்து.
ஒருவர் மனச்சிதைவு என்கிறார்.
ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய சோர்வு.
மூன்றாமவர் எழுதத் தொடங்கிப்
பேனையைத் தூக்கிவிட்டார்.
ஒரு கோடு, அவ்வளவுதான்.

தோட்டத்திலிருந்து வந்த கடிதம் ஈரமாய் மேசையில்:
'இரவு இரண்டு மணிக்கு பங்களா வாசலில் கூச்சல்.
துரையை மரியாதைக் குறைவாகப் பேசினார்.'

ஒன்பது இரவு கண்மூடவில்லை என்றாள் நாத்தனார்.
தோட்டைக் கழற்றி பஸ் கொண்டக்டரிடம் நீட்டினாளாம்.
காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மறந்து
லயம் லயமாய் ஏறி இறங்கி
நாற்பத்தொரு பேரின் சம்பளச் சிட்டை சேர்த்தாளாம்.

வாட்டில் பன்னிரண்டு நாள் தூங்கி எழுந்து
இப்போது என் முன்னே, கையைக் கட்டிக்கொண்டு.
சிட்டைகள் மடியில்.

பின்பக்கத்தில் பென்சில் கணக்கு.
கூடைக்கென்று, ஈரத்துக்கென்று
நிறுவைக்கு நிறுவை கழித்த கிலோ;
நாளுக்கு, மாதத்துக்கு, ஆளுக்கு.
வெளியே வாங்கு நிறைய ஆட்கள் இருமிக்கொண்டிருக்க
நான் கூட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
ஓரிடத்தில் மட்டும்
தோட்டத்துக்கு இரண்டு கிலோ விட்டுக்கொடுத்திருந்தாள்.

கணக்குச் சரி என்பதால் நோய் இல்லை என்றாகாது.
நோய் உண்டு என்பதால்
கணக்குப் பிழை என்றும் ஆகாது.
எந்தப் பரீட்சையிலும் இதை என்னிடம் கேட்டதில்லை.

கண்டியிலிருக்கும் நிலந்திக்கு அழைத்தேன்.
'இன்னொரு முறை வந்தால் நிச்சயமாய்த் தெரிந்துவிடும்.'
'இன்னொரு முறை வராதிருக்கத்தானே மருந்து.'
இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

லித்தியம் கொடுக்கலாம். தண்ணீர் கேட்கும் மருந்து அது.
மலையில என்ன குடிப்பீங்க என்றேன்.
'குடிக்க மாட்டோம் டொக்டர்.
குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே.'

விரல் கொஞ்சம் நடுங்கலாம் என்றேன்.
கறை ஏறிய பத்து விரலையும்
மேசைமேல் விரித்துப் பார்த்தாள்,
யாருடையவோ போல.
'நடுங்குனா பதினெட்டு கிலோ வராது.
அரைப்பேர்தான் போடுவாங்க.'

மட்டக்களப்புக்காரிக்கு விளங்கவில்லை.
மிஸ் சுகந்தமலர் மருந்துறையை ஒட்டிக்கொண்டே சொன்னார்:
'கொழுந்து கொறஞ்சா அரைநாள் சம்பளம்.
அன்னைக்கி நீங்க பாதி ஆளு.'

தூக்கம் தரும் குளிசை
விடியற்காலைப் பிரட்டுக்கு அவளை எழும்ப விடாது;
எழும்பினாலும் மழை பெய்த சரிவில் அரைக்கண்.
மூன்றாவதொன்று இருக்கிறது,
வயிற்றில் வரக்கூடிய பிள்ளையைத் தொடும்.
அவளுக்கு முப்பத்தொரு வயது.
ஒன்றுமே கொடுக்காவிட்டால்?
பங்களா வாசலில் அன்றிரவு நாய்கள் கட்டியிருந்தன.
கட்டாமலும் இருந்திருக்கலாம்.

பன்னிரண்டரை.
இராக்குளிசை, இருப்பதில் சிறியது, இரண்டு வாரத்துக்கு.
தைரொயிட்டும் சிறுநீரகமும் பார்க்க இரத்தம்
மத்தியான பஸ்ஸில் கண்டிக்கு.
லித்தியத்தை அடுத்த முறை பேசுவோம்.
நோயின் பெயர் என்ற இடத்தில்
ஒரு சொல்லும் பக்கத்தில் கேள்விக்குறியும்.
நானும் அரைப்பேர்தான் போட்டேன்.

தோட்டத்துக்குப் பதில் எழுதினேன், முத்திரை குத்தி:
'சிகிச்சையின் பொருட்டு இவருக்கு
வேலை செய்யும் மலையில்
குடிநீரும் ஒரு கழிப்பறையும் அவசியம்.'
அதைச் செய்வார்கள் என்று நான் நம்பவில்லை.
குளிசையையும் அப்படித்தான் எழுதுகிறேன், சில நாட்களில்.

சிட்டைகளை அடுக்கினாள்.
'இதெல்லாம் பைத்தியத்துக்குச் சாட்சின்னு
கொப்பிக்குள்ள வச்சிக்குவீங்களா?'

இல்லை, கொண்டுபோங்க. கணக்குச் சரி.

'அத எழுதுங்க.'

அதற்கென்று கொப்பியில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
சாய்வாக, இடம் போதாமல்.