ஃபாரிஸ் ஹத்தாத், வயது 128, மணமாகாதவர்

பத்ரூன் பதிவு அலுவலகத்தில்
பதினொன்றரைக்கு மின்சாரம் போயிற்று.
ஸலிபா கைப்பேசி விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் பேரேட்டைப் புரட்டினார்.
எந்த ஊர்?
கஃப்ர் லௌஸ்.
எந்தச் சபை?
மாரோனைட்.
பதிவு எண்?
அது தெரியாமல்தான்
அர்ஜென்டினாவிலிருந்து மூன்று விமானம் மாறி வந்திருக்கிறேன்.

குடும்பத்துக்கு ஓர் எண்.
எண் தெரியாதவருக்கு இங்கே பிறப்பும் கிடையாது.
பெண்கள் மணமானால் வேறு எண்ணுக்குப் போய்விடுவார்கள்,
ஆண்கள் அதே எண்ணில் கிடந்து புழுங்குவார்கள்.
நேற்று ஊர் முக்தாரிடம் மூன்று குவளை காபி குடித்தேன்.
"நாற்பத்தொன்று, இல்லாவிட்டால் பதினான்கு.
ஹத்தாத்கள் இரண்டு வீடு,
ஒன்றுக்கொன்று பேச்சில்லை" என்றார்.

நாற்பத்தொன்று.
ஓரத்தை எலி ருசி பார்த்திருந்தது.
ஃபாரிஸ். தாய் மந்தூரா. பிறப்பு 1896.
மாதமும் நாளும் இல்லை.
பட்டுப்புழு கூடு கட்டிய நேரம் என்று
யாராவது சொல்லியிருப்பார்கள்,
எழுத்தருக்கு அது தேதியாகத் தோன்றியிருக்காது.
குறிப்புப் பத்தியில் ஒரே சொல்: வெளிநாட்டில்.
முப்பத்திரண்டு கணக்கெடுப்பில்
அண்ணன் ஷாஹீன் சொல்லி எழுதியது.
திரும்புவானா என்று கேட்டார்களோ என்னவோ,
அதற்குப் பத்தி இல்லை.

ஸலிபா விளக்கை வாயிலிருந்து எடுத்தார்.
"வாழ்த்துகள். ஆள் உயிரோடு இருக்கிறார்.
நூற்றிருபத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.
போன தேர்தலில் ஓட்டுகூட இருந்திருக்கும்."
வரிசையே சிரித்தது.
கணவன் பெயரை நீக்க வந்திருந்த ஒருத்தி மட்டும்
கோப்பை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தாள்.

என் பையில் அவர் செத்திருந்தார்.
துக்குமான், கரும்பாலைக் குடியிருப்பு,
1958 மே, மூச்சுத்திணறல்.
காகிதங்களைப் பரப்பினேன்.
கப்பல் ஏட்டில் ஃபாரெஸ் அதாத்.
திருமணச் சான்றில் ஃபெலிக்ஸ் அதாத்.
இறப்புச் சான்றில் ஃபெலிக்ஸ் எர்ரேரோ.
ஹத்தாத் என்றால் கொல்லன், எர்ரேரோ என்றாலும் கொல்லன்;
திருத்தித் திருத்தி அலுத்துப்போய்
ஒருநாள் ஒலியைக் கீழே போட்டுவிட்டுப்
பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.
பிறந்த நாடு: துருக்கி.

"இது மூன்று ஆள்" என்றார் ஸலிபா.
ஒரே ஆள்.
"அப்படி எந்தக் காகிதம் சொல்கிறது?"

தாய் பெயர் இருந்த இடங்களைக் காட்டினேன்.
மந்தூரா.
மந்துரா.
கடைசியில் வெந்தூரா.
அதை அவர் உரக்கச் சொல்லிப் பார்த்தார்,
இன்னொரு முறை,
ஜலதோஷம் பிடித்த பையன் ஒருவன்
வாசலில் நின்று கூப்பிடுவதுபோல.
"சரி. மந்தூரா மகன்தான்."

"ஆனால் முறை என்று ஒன்று உண்டு.
பிரம்மச்சாரிக்குக் கொள்ளுப்பேத்தி இருக்க முடியாது.
முதலில் கல்யாணம்,
பிறகு பிள்ளைகள், வயது வரிசையில்.
சாவு கடைசியில்.
ஒவ்வொன்றுக்கும் தூதரக முத்திரை,
அரபி மொழிபெயர்ப்பு, வருவாய் வில்லை."

ஒரு கொல்லனைக் கொல்ல
இத்தனை வில்லையா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"உனக்குக் குடியுரிமை வராது, தெரியுமா? தாய்வழி."
தெரியும்.
"பின்னே எதற்கு?"
மின்சாரம் வந்தது. காற்றாடி சுழன்று
நாற்பத்தொன்று அறுபதாகிப் பறந்தது.
அவர் முழங்கையால் அமுக்கிப் பிடித்தார்.
நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் இருந்தது, வில்லைதான் இல்லை.
நாட்டிலேயே தட்டுப்பாடாம்.
படிக்கட்டடியில் ஒருவன்
சட்டைப்பைக்குள்ளிருந்து ஒன்றே ஒன்று எடுத்தான்.
நாலு மடங்கு விலை.

ரமோனா கிஸ்பே.
கரும்பு வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்தவள்.
1921இல் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைத்தவள்.
ஸலிபா பேனாவை உதறினார்.
"அரபியில் அந்த ப வராது" என்று
கொஞ்சம் குழைத்து எழுதினார்.
இப்போது அவளுடைய முறை:
அவள் பார்த்தேயிராத கடல் தெரியும் ஜன்னலோரம்
அவள் பெயரிலும் ஓர் எழுத்து மாறிற்று.
மை காயும்வரை
பக்கத்தை மூட விடவில்லை நான்.

இறப்புச் சான்று பைக்குள் திரும்பிப் போனது.
"வியாழக்கிழமை வா" என்றார் ஸலிபா,
"வேலைநிறுத்தம் இல்லையென்றால்."